வாரம் ஒருநாள் லீவெடுத்த இரட்டை நட்சத்திரம்

எங்கள் தொழிலுக்கு மேகம் கூடாது, நிலவு கூடாது, கரண்ட் வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் இந்த மூன்றும் ஒரே இரவில் கூடிவருவது, ஹட்டன் பஸ்ஸில் ஜன்னல் சீட்டும் அந்த ஜன்னலுக்குக் கண்ணாடியும் சேர்ந்து கிடைப்பதைப் போல அபூர்வம்.

இடமாற்றக் கடிதத்துக்காக, டெலிபோன் இணைப்புக்காக, விசாவுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் உங்களில் நிச்சயம் இருப்பீர்கள். நீங்களெல்லாம் என் இனம். ஒரே வித்தியாசம், நீங்கள் காத்திருந்த பொருள் எங்கோ ஒரு கந்தோரின் மேசையில் கிடந்தது. நான் காத்திருந்த பொருள் இருக்கிறதா இல்லையா என்றே உலகத்தில் யாருக்கும் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஹட்டனில் ஒரு பாடசாலையில் பௌதிகவியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கண்டிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டத்துக்கும் பதிந்திருந்தேன். எனக்கு வாய்த்த பேராசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். வீட்டுக்குப் போவதற்கு முன் ஒரு கண்டுபிடிப்பாவது தன் பெயரில் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பட்டம் கிடைத்தால் பல்கலைக்கழகத்தில் ஒரு வேலை கிடைக்கும் என்பது என் ஆசை. இரண்டு ஆசைகளையும் சேர்த்து ஒரு இரட்டை நட்சத்திரத்தின் தலையில் கட்டினோம்.

இரட்டை நட்சத்திரம் என்றால் ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்கள். எங்களுடையதில் ஒன்று கொழுத்துப் பெருத்தது, மற்றது செத்துச் சுருங்கியது. இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் மிகப் பெரும் சக்தியுள்ள காமா கதிர்கள் கிளம்பக்கூடும் என்று சிலர் எழுதியிருந்தார்கள். அந்தக் கதிர் தரைக்கு வராது. காற்றின் உச்சியில் மோதிச் சிதறும்போது, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஒரு சின்ன நீல மினுக்கம் உண்டாகும். அதைப் பெரிய குழிவாடியில், அதாவது குழிந்த கண்ணாடியில், வாங்கி, ஒளியைக் கரண்டாக மாற்றும் ஒரு குழாய்க்குள் விட்டு எண்ண வேண்டும். அவ்வளவுதான் வேலை. சொல்லும்போது எனக்கும் சுலபமாகத்தான் இருந்தது.

றொசல்ல ஸ்டேஷனில் ஒரு குடை

குழிவாடி பழைய தேடுவிளக்கு ஒன்றிலிருந்து கழற்றியது. பேராசிரியர் அதை ஒரு பழைய இரும்பு வியாபாரியிடம் வாங்கி, சாக்கில் சுற்றி, ரயிலில் றொசல்லைக்கு அனுப்பியிருந்தார். அங்கிருந்து தேயிலைத் தோட்டத்து லொறியில் மலையுச்சிக்கு ஏற்ற வேண்டும். அது எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள், எனக்கு இன்னும் அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

லொறி வரும்வரை சும்மா இருக்க முடியாமல், கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறதா பார்ப்போம் என்று மேடையிலேயே சாக்கைப் பிரித்துச் சுவரில் சாய்த்து வைத்தேன். குழிவாடி சூரிய ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கும் என்று பத்தாம் வகுப்புக்கு வருடா வருடம் படிப்பிப்பவன் நான். ஆனால் றொசல்லையில் வெயில் வரும் என்று யார் எதிர்பார்த்தது? ஸ்டேஷன் மாஸ்டர், நல்ல மனிதர், தன் முகம் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறதே என்று சிரித்துக்கொண்டே குனிந்தார். அந்த நேரம் பார்த்து மேகம் விலகியது. அவர் கக்கத்தில் இருந்த கறுப்புக் குடையிலிருந்து மெல்லப் புகை வந்தது.

ஓடிப் போய்ச் சாக்கை இழுத்து மூடினேன். துணியில் ஓர் உள்ளங்கை அளவு ஓட்டை. நூறு தடவை மன்னிப்புக் கேட்டு, இது நட்சத்திரம் பார்க்கும் கருவி என்று என் சிங்களத்தில் விளக்கினேன். அவர் குடையை விரித்து ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சிங்களத்தில் சொன்னார்: "நட்சத்திரத்தை நீங்க எப்படியாவது பார்த்துக்குங்க மாஸ்டர், நாலு மணி மழைக்கு நான் என்ன செய்யிறது?"

பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும்

நம் நாட்டில் பௌர்ணமிதோறும் போயா லீவு. ஊரெல்லாம் சும்மா இருக்கும் அந்த நாளில் நானும் சும்மாதான் இருந்தேன். நிலவு இருந்தால் எங்கள் குழாய் குருடாகிவிடும். எங்களுக்கு வேலை அமாவாசையை ஒட்டிய நாட்களில். இரவெல்லாம் மலையில் இருந்துவிட்டுக் காலையில் வகுப்புக்கு வந்தால், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்றபடி தூங்கியிருக்கிறேன். பிள்ளைகள் எழுப்பவில்லை. அவர்களுக்கும் அது வசதியாக இருந்திருக்க வேண்டும்.

இது சரிவராது என்று, அமாவாசைக்கு மறுநாள் அரைநாள் லீவு தரும்படி அதிபரிடம் போய் நின்றேன். ஆராய்ச்சி, பட்டம், பாடசாலைக்குப் பெருமை என்று எல்லாவற்றையும் அடுக்கினேன். அவர் தோட்டத்திலிருந்தே படித்து வந்த மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு கேட்டார்: "பௌர்ணமிக்கு அரசாங்கம் லீவு குடுக்குது, அமாவாசைக்கு நீங்க கேக்குறீங்க, வளர்பிறையில படிப்பிப்பீங்களா, தேய்பிறையிலயா?"

பொருத்தம்

மலையுச்சியில் பாழடைந்து கிடந்த காவல் குடிசையைத் தோட்டத்தை நடத்தும் துரை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். தேயிலை ஆலையிலிருந்து ஒரு வயர் இழுத்துக் கரண்டும் தந்தார். அங்கே ஒரு சார் ராத்திரியெல்லாம் நட்சத்திரம் பார்க்கிறாராம் என்ற செய்தி தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பரவியதும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு மாடு காணாமல் போயிருந்தது. இன்னொருவருக்கு வெளிநாடு போகும் யோகம் இருக்கிறதா தெரிய வேண்டும். நான் சோதிடன் இல்லை என்று சொல்லச் சொல்ல, பெரிய சோதிடர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று மரியாதை கூடியது.

கடைசியில் கண்டாக்கையாவே மகளின் சாதகத்தோடு ஏறி வந்துவிட்டார். தோட்ட மலைகளை மேற்பார்ப்பவர், அவரைச் சும்மா அனுப்ப முடியாது. தேநீர் ஊற்றிக் கொடுத்து, நான் பார்ப்பது எல்லா நட்சத்திரத்தையும் அல்ல, ஒன்றே ஒன்றை, அதுவும் இரட்டை நட்சத்திரம், அதுவும் இன்னும் ஒரு கதிரும் தரவில்லை என்று பொறுமையாக விளக்கினேன். ஒன்றையொன்று சுற்றிவரும் என்று கையால் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. சாதகத்தை என் பக்கம் நகர்த்தினார். "அப்ப நீங்க பாக்குறதே சோடிதானே சார், பொருத்தம் பாக்க இதவிட என்ன வேணும்?"

ஐயாயிரம் வருடத்துக்கு முந்திய சம்பவம்

ஒரு நாள் பகலில் நானும் பேராசிரியரும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பொலிஸ் ஜீப் வந்தது. இன்று சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், அன்று சிரிக்கவில்லை. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் இரண்டு தமிழர்கள் மலையுச்சியில் தேடுவிளக்குக் கண்ணாடியும் வயரும் பற்றரியுமாக இருப்பதை யாரும் நல்ல மாதிரி நினைக்கமாட்டார்கள். போதாததற்கு, பேராசிரியரின் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அவர் துணியை மடித்து வைத்துவிட்டு, நெடுங்காலம் பழகிய ஒரு வேலையைச் செய்கிறவர் போல அட்டையை எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

நான் முந்திக்கொண்டு சார்ஜன்ட்டுக்குச் சிங்களத்தில் விளக்கம் சொன்னேன். இது வெளிச்சம் அனுப்பாது, வாங்க மட்டும்தான் செய்யும். வாங்குவதும் எங்கள் நாட்டு வெளிச்சமே இல்லை, ஐயாயிரம் வருடத்துக்கு முன் ஒரு நட்சத்திரத்திலிருந்து புறப்பட்டது. உற்சாகத்தில் நியூட்ரோன் நட்சத்திரத்தின் எடை வரைக்கும் போய்விட்டேன். பேராசிரியர் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். சார்ஜன்ட் எல்லாவற்றையும் தலையசைத்துக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தி நடந்தது எங்க பொலிஸ் நிலையத்துக்குச் சேராது, நேத்து ராத்திரி இங்க இருந்தது யாரு யாருன்னு மட்டும் சொல்லிட்டு ஜீப்பில ஏறுங்க."

மழைப் பூசை

சாயங்காலத்துக்குள் துரை வந்து பேசி எங்களை மீட்டுக்கொண்டு வந்தார். அதன் பிறகு தை, மாசி வந்தது. எங்கள் நட்சத்திரம் மாலையிலேயே தலைக்கு மேல் நிற்கும் மாதங்கள். அந்த வருடம் மழையே இல்லை. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நான் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

ஆனால் மழையில்லாவிட்டால் கொழுந்து வராது, கொழுந்து வராவிட்டால் வேலை நாள் குறையும். என் பெரியம்மா அந்தத் தோட்டத்தில்தான் கொழுந்து பறித்தார். நான் தெளிந்த வானத்தைப் பார்த்துப் பூரித்த ஒவ்வொரு நாளும் லயத்தில் யாரோ ஒருவர் வேலையில்லாமல் திரும்பி வந்தார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் பூரித்தேன். அது எனக்கே வெட்கமாக இருந்தது.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மழை வேண்டிப் பூசை வைத்தார்கள். போகாமல் இருக்க முடியாது. நானும் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு போய், எல்லோரோடும் கைகூப்பி நின்று, என்ன கேட்பது என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். பெரியம்மா என்னை ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறார். பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்: "நீ செத்த வெளிய போயி நில்லு ராசா, சாமி கொழம்பிரும்."

கிடைத்தது

மாசி நடுவில், மினுக்கங்களை எண்ணும் எங்கள் எண்ணியின் கணக்குகளைக் கூட்டிப் பார்க்கத் தொடங்கினோம். வழக்கம் இதுதான்: இரவின் முதல் பாதியில் நட்சத்திரத்தைப் பார்ப்போம், பின் பாதியில் கண்ணாடியைத் திருப்பி வெறும் வானத்தைப் பார்ப்போம். முதலாவதில் அதிகம் வந்தால், அந்த அதிகம் நட்சத்திரத்தினுடையது. வந்தது. நன்றாகவே வந்தது.

அதைவிட விசேஷம், வாரத்தில் ஒரு நாள் கணக்கு அப்படியே விழுந்துவிடும். செத்த நட்சத்திரம் கொழுத்த நட்சத்திரத்துக்குப் பின்னால் மறையும்போது கதிர் தடைப்படும் என்று படித்திருந்தோம். அந்த இரண்டும் எத்தனை நாளுக்கு ஒரு தடவை சுற்றுகின்றன என்பது அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. நாங்கள் ஒரு வாரம் என்று கண்டுபிடித்தோம். அது மறையும் நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்குக் கண்ணாடியை மூடிவைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கு நல்ல இரவை வீணாக்குவானேன் என்று, அந்தச் சோதனையை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே செய்தோம். மூடிவைத்தால் ஒன்றும் வரவில்லை. கருவி சுத்தம்.

பேராசிரியர் வரைபடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. வெளிநாட்டில் நடக்கவிருந்த ஒரு மாநாட்டுக்கு அன்றே ஆய்வுச் சுருக்கம் எழுதி அனுப்பினார். என் பெயரை முதலில் போட்டார். நான் வேண்டாம் என்றேன். "விடும் தம்பி," என்றார், "நான் இனி எவ்வளவு காலம் எண்டு இதைச் சொல்லித் திரியப்போறன், நீரெல்லோ சொல்லவேணும்."

தலைவர் தந்த இடம்

பங்குனியில் தோட்டத்தில் வேலைநிறுத்தம் வந்தது. லயத்துக் கூரையெல்லாம் இற்றுப்போய், மாற்றித் தருகிறோம் என்று சொல்லியே காலம் கடத்தியிருந்தார்கள். காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக் களத்துக்கு யாரும் போகவில்லை. கொழுந்து இல்லை, ஆலை இல்லை, ஆலை விளக்கும் இல்லை, எங்கள் வயரில் மட்டும் கரண்ட் வந்துகொண்டிருந்தது. மலையெங்கும் நல்ல இருட்டு. இதைவிடச் சிறந்த இரவுகள் அமையாது என்று நான் துள்ளினேன்.

நட்சத்திரம் ஒன்றும் தரவில்லை. திங்கள் இல்லை, செவ்வாய் இல்லை, அந்த வாரம் முழுக்க இல்லை. பேராசிரியருக்கு ஹட்டனிலிருந்து போன் செய்தேன். சில நட்சத்திரங்கள் இப்படித் திடீரென்று அடங்கும், அதுவே ஒரு முக்கியமான முடிவு என்று அவர் குதூகலித்தார். எனக்கு மட்டும் மனது சரியில்லை. பெரியம்மா வீட்டில் சாப்பிடும்போது, என் நட்சத்திரம் படுத்துவிட்டது என்று புலம்பினேன்.

மறுநாள் காலை மலையிலிருந்து இறங்கி வந்தபோது, ஆலை வாசலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மாவும் இருந்தார். அவர்களைக் கடந்து சும்மா போவது மரியாதையில்லை என்று நின்றேன். தொழிற்சங்கத் தலைவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். பெரியம்மா எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். தலைவர் விளையாட்டாகச் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார்: "ஒக்காருங்க சார், ஒங்க நட்சத்திரமும் நம்மகூட ஸ்ட்ரைக்குல எறங்கிருச்சாமே."

மூடி

நானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எதிரே ஆலையின் மாடியில், கொழுந்தை வாட்டும் பெரிய காற்றாடிகள் ஓடாமல் நின்றுகொண்டிருந்தன. எங்கள் குடிசைக்குக் கரண்ட் வருவது அந்த ஆலையிலிருந்து. சாயங்காலம் கொழுந்து வந்ததும் காற்றாடிகளைப் போடுவார்கள், இரவின் முதல் பாதியில் அவை ஓடும். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து பறிப்பதில்லை, காற்றாடியும் இல்லை. இதெல்லாம் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். நான் அந்தக் காற்றாடிச் சத்தத்தில் வளர்ந்தவன். தெரிந்ததை எல்லாம் மலையடிவாரத்தில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உச்சிக்கு ஏறியிருக்கிறேன்.

கூரைத் தகரம் வந்து இறங்கியது, வேலைநிறுத்தம் முடிந்தது, கொழுந்து வந்தது. அன்று கண்ணாடிக்கு மூடியைப் போட்டு, அதற்கு மேல் கம்பளியும் போட்டேன். எண்ணி கடகடவென்று ஓடியது. மூடிக்குள்ளேயும் என் இரட்டை நட்சத்திரம் அற்புதமாகத் தெரிந்தது. வயரில் வந்த ஆலை மோட்டாரின் துடிப்பைத்தான் இத்தனை நாளும் வானத்திலிருந்து வந்ததாக எண்ணியிருக்கிறேன்.

பேராசிரியரைப் போனில் வரச்சொன்னேன், காரணம் சொல்லவில்லை. றொசல்லையில் ரயிலை விட்டு இறங்கி, இளைத்து இளைத்து மலையேறி வந்தார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மூடியைக் காட்டினேன், பிறகு எண்ணியைக் காட்டினேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் சொன்னேன். அவருக்கு விளங்கிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து குறிப்புப் புத்தகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார். அழப்போகிறார் என்று பயந்தேன், நானே அழும் நிலையில் இருந்தேன். கடைசியில் நிமிர்ந்தார். "ஞாயிற்றுக்கிழமை லீவெடுக்கிற நட்சத்திரத்தில எங்களுக்கு ஒரு சந்தேகமும் வரேல்லை, என்ன தம்பி," என்றார். "பரவாயில்லை, வேற ஆரும் கண்டுபிடிக்க முந்தி நாங்களே கண்டுபிடிச்சிட்டம்."

இல்லை என்று ஒரு ஃபேக்ஸ்

மாநாட்டுக்கு அனுப்பிய சுருக்கத்தைத் திருப்பி வாங்க வேண்டும். அன்றே இறங்கி இருவரும் ஹட்டன் கடைத்தெருவில் போன் பேசவும் ஃபேக்ஸ் அனுப்பவும் இருந்த ஒரு கொமியூனிகேஷன் கடைக்குப் போனோம். பேராசிரியர் நின்றபடியே எழுதினார். முதலில் நீளமாக எழுதிக் கிழித்துப்போட்டார். பிறகு, நாங்கள் அறிவித்த கதிர் இல்லை, தவறு எங்களுடையது, வருந்துகிறோம் என்ற அளவில் நிறுத்திக் கையெழுத்துப் போட்டார். என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரை மட்டும் வைத்திருந்தார். நான் பேனாவை வாங்கி என் பெயரையும் எழுதினேன். அவர் தடுக்கவில்லை.

கவுண்டரில் இருந்த பெண் ஹட்டன் பிள்ளை, என்னிடம் படித்தவள். வெளிநாட்டுக்குப் போகும் ஃபேக்ஸ் பெரும்பாலும் வேலைக்கும் விசாவுக்குமாக இருக்கும். அதனால் மூன்று தடவை லைன் அறுந்தும் அலுக்காமல் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தாள். போய்ச் சேர்ந்த பிறகு தாளைத் திருப்பித் தரும்போது ஆர்வம் தாங்காமல் விஷயம் என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். "இல்லைன்னு சொல்லவா சார் இவ்வளவு தூரத்துக்கு அனுப்புனீங்க? அனுப்பாம விட்டிருந்தாலும் இல்லைதானே?"

வாய்மொழிப் பரீட்சை

வயருக்கு வடிகட்டி போட்டு, பற்றரியில் ஓட்டி, அடுத்த வறட்சிக் காலம் முழுக்க மறுபடி பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. இந்த முறை உண்மையாகவே வரவில்லை. அதைத்தான் ஆய்வேடாக எழுதினேன். எங்கள் துறையில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. அதை முன்னுரையில் இப்படி விளக்கியிருந்தேன்: இருட்டு வீட்டுக்குள் யானை இருந்தால் மோதித் தெரிந்திருக்கும். மோதவில்லை, ஆகவே யானை இல்லை. எலி இருக்கிறதா என்று கேட்டால் தெரியாது. இந்த அளவுக்கு மேல் கதிர் வந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கும், வரவில்லை, ஆகவே வந்தால் அந்த எல்லைக்குக் கீழேதான் என்று எழுதலாம்.

பரீட்சகர் கொழும்பிலிருந்து வந்தவர், கண்டிப்பானவர் என்று பெயர். பேராசிரியர் ஓய்வுபெற்றுவிட்டார், ஆனாலும் வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆலைக் காற்றாடிக் கதையை ஒரு அடிக்குறிப்பில் அடக்கிவிடலாம் என்று நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். நான் ஓர் அத்தியாயமாகவே எழுதியிருந்தேன். பரீட்சகர் அந்த அத்தியாயத்தைப் பிடித்துக்கொண்டு மதியம்வரை என்னை வறுத்தெடுத்தார். மூடிச் சோதனையை ஏன் ஞாயிற்றுக்கிழமையில் செய்தீர்கள் என்று மட்டும் மூன்று விதமாகக் கேட்டார். மூன்று விதமாகவும் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டேன். பட்டம் போய்விட்டது என்று நினைத்தேன். அவர் ஆய்வேட்டை மூடினார். "எலி இருக்கிறதென்று கடைசிவரை சொல்லாமல் இருந்தீர்களே, அதற்காக இதை ஏற்றுக்கொள்கிறேன்."

எல்லைக்குக் கீழே

பட்டம் வந்தது. வேலை வரவில்லை. அந்தப் பதவியை நான் விண்ணப்பிக்குமுன்னே நிறுத்திவைத்துவிட்டார்கள். நான் அதே பாடசாலையில் குழிவாடி படிப்பித்துக்கொண்டிருந்தேன். இரவல் வாங்கியிருந்த குழாயை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தோம். எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் சொல்லப்போவதில்லை, நீங்கள் காத்திருந்து பழகியவர்கள், நம்பமாட்டீர்கள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து, ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பெரிய பெரிய தொலைநோக்கிகளைக் கட்டி, இரட்டை நட்சத்திரங்களிலிருந்து காமா கதிர் வருவதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். முதலில் வேறு நட்சத்திரங்கள். பிறகு ஒருநாள் ஹட்டனில் இன்டர்நெட் கடையொன்றில் உட்கார்ந்து, பக்கம் மெல்ல மெல்ல இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் நட்சத்திரத்தின் பெயர் வந்தது. இருந்திருக்கிறது. நாங்கள் பார்த்த ஒவ்வொரு இரவும் அது கதிரை அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அந்தப் பெயரை மறுபடி மறுபடி படித்தேன். சந்தோஷமா, ஆத்திரமா என்று இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பேராசிரியர் அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் மகளோடு இருந்தார், வெளியே நடமாட முடியாத நிலை. இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் தடுமாறினேன். கையில் இருந்தது நழுவிப்போனதென்று இந்த வயதில் ஏன் நோகடிக்க வேண்டும்? ஆனால் வேறு யாரிடம் சொல்வது? போன் எடுத்தேன். செய்தியைச் சொன்னேன். அவர், எவ்வளவு கதிர் என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள் எனக் கேட்டார். சொன்னேன். நாங்கள் போட்ட எல்லையையும் சொல்லச் சொன்னார். அதையும் சொன்னேன். எங்கள் எல்லை மலை உயரத்தில் இருந்தது, அவர்கள் கண்டது புல் உயரத்தில். எங்கள் கருவியால் அதை நூறு வருடம் பார்த்திருந்தாலும் கண்டிருக்க முடியாது, விடுங்கள் சார் என்று ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பேசவிடவில்லை. குரலில் பழைய துடிப்பு வந்திருந்தது.

"கீழதானே தம்பி? எவ்வளவு கீழ எண்டாலும் கீழதானே? அப்ப நாங்க எழுதினது ஒரு எழுத்தும் பிழையில்லை."

ஆக, இரட்டை நட்சத்திரங்களிலிருந்து வரும் காமா கதிரைக் கண்டுபிடிக்காதவர்கள் உலகத்தில் எத்தனையோ கோடிப் பேர் இருந்தாலும், அதை மிகச் சரியாகக் கண்டுபிடிக்காதவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.